வட்டவளைக்குச் சைக்கிள் ஏன் ஏறவில்லை

மலையகத்தில் சைக்கிள் ஏன் பெருகவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஏற்றம். யாழ்ப்பாணம் தட்டை நிலம். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து தபால்காரர் வரை சைக்கிளில் போனார்கள். மன்னாரும் மட்டக்களப்பும் அப்படியே. மலையகத்து வட்டவளையோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு, இல்லையென்றால் பள்ளம். சைக்கிளுக்கு அங்கே என்ன வேலை என்று பேச்சை அத்தோடு முடித்துவிடுகிறோம். இந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது, மழையில் இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதிகமாக, அந்தப் பாதைகள் யாருக்குச் சொந்தமாக இருந்தன என்பதில் இருக்கிறது. மேட்டைக் காரணம் காட்டும்போது, மனிதர் செய்த ஓர் ஏற்பாட்டின் பழியை மலைமேல் போட்டுவிடுகிறோம்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு திணறியபோது, ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்ற வாகனங்களுக்கு விநியோகமே நிறுத்தப்பட்டது. சைக்கிளுக்குக் கிராக்கி கூடியது, விலை எகிறியது, புதியது வாங்க முடியாதவர்கள் கொட்டிலில் கிடந்த பழைய ‘மவுண்டன்’ சைக்கிளை வெளியே எடுத்தார்கள். அப்படி எடுத்த வண்டிகளில் முதலில் கெட்டுப்போயிருப்பது கியர்தான். கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், கியர் மாற்றும் கை வளைந்திருக்கும், செயின் பல்லுக்குப் பல் தாவும். அதையெல்லாம் கழற்றிவிட்டு ஒரே ஒரு பல்சக்கரத்தோடு நகரத்துச் சைக்கிளாக்கிக்கொள்வது உலகின் பல ஊர்களில் நடந்துவரும் வேலை. நம் சைக்கிள் கடைக்காரருக்கும் அது பெரிய வித்தையில்லை. ஆனால் மலைக்கென்று செய்த சைக்கிளின் கியரைக் கழற்றலாமா என்ற கேள்வி, மலைக்குக் கியர் இல்லாத சைக்கிள் ஆகாது என்ற பழைய முடிவை மறுபடி சோதித்துப் பார்க்க வைக்கிறது.

முதலில் மேடு. நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது 1874இல், ஹட்டனுக்கு 1884இல். இடையில் வட்டவளை. அதற்கு அடுத்த ஆண்டு, 1885இல்தான், இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின் என்று இன்று நாம் காணும் உருவம் அதிலிருந்து வந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். ஆக, இன்றைய உருவில் சைக்கிள் வரும் முன்பே வட்டவளைக்கு ரயில் வந்துவிட்டது. அந்த ரயில் பாதையைக் கவனித்தால் மலையின் உண்மையான சரிவு தெரியும். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன்வரை ஏறத்தாழ 34 கிலோமீற்றரில் ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். சராசரியாக 100 அடிக்கு 2 அடி. மிகச் செங்குத்தான இடத்திலும் 44 அடிக்கு 1 அடிதான். இந்தச் சரிவில் கியரில்லாத சைக்கிளை ஆரோக்கியமான எவரும் மிதித்து ஏற்றலாம். தோட்டத்து வண்டிப்பாதைகள் ரயில் பாதையைவிடச் செங்குத்தானவை என்றாலும், அவையும் மாடு இழுத்து ஏறக்கூடிய அளவில், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டவையே. உண்மையில் செங்குத்தானவை எவை? தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் போகும் குறுக்குப் பாதைகள், மண்படிகள், தேயிலை வரிசைக்கு இடையில் ஒற்றையடியாக ஏறும் வழிகள். தொழிலாளி நடந்தது அவற்றில். வண்டிப்பாதை கொழுந்துக்கும் தோட்டத்துரைக்கும்.

ஒற்றைக் கியர் மலையில் ஏறாது என்பதற்கு எதிராக வரலாறு சொல்லும் சாட்சிகள் வலுவானவை. பிரான்ஸைச் சுற்றிவரும் ‘தூர் டி பிரான்ஸ்’ பந்தயம் 1910இல் முதல் தடவையாக பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயைக் கடந்தது. அதன் உயரம் 2115 மீற்றர். நுவரெலியா நகரத்தைவிட உயரம். ஓடும்போது கியர் மாற்றும் கருவியைப் பந்தயத்தின் அமைப்பாளர் ஹென்றி தெக்ராஞ்ச் ஏற்கவில்லை. 1937இல்தான் அது அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி வேறொரு பல்லுக்கு மாறிக்கொண்டார்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். 1910 பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாபிஸ்கூட தூர்மலேயில் இறங்கி நடந்தவர்தான். இதைவிட நம் காரியத்துக்குப் பொருத்தமான சாட்சி சுவிட்சர்லாந்து. மலை என்றால் அதுதான் மலை. அந்த நாட்டு இராணுவம் 1905இல் ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுத்தது: 20 கிலோவுக்கு மேல் எடை, ஒரே கியர். அதற்குப் பதிலாக ஏழு கியர் வண்டி வந்தது 1993இல். ஏறத்தாழ 90 ஆண்டுகள், கட்டாயப் படைச்சேவைக்கு வந்த சாதாரண இளைஞர்கள், முதுகில் மூட்டையோடு ஆல்ப்ஸ் அடிவாரப் பாதைகளில் ஒற்றைக் கியரை மிதித்தார்கள். வியட்நாமில் 1954இல் தியன் பியன் பூ முற்றுகைக்கு அரிசியும் வெடிமருந்தும் போனது பெருமளவு சைக்கிளில். கைப்பிடியிலும் இருக்கைக் கம்பத்திலும் மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கும் மேல் ஏற்றி, மலைக்காட்டு வழியே தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஏறி மிதிக்காவிட்டாலும் சைக்கிள் சைக்கிளாகவே பயன்பட்டது.

பந்தய வீரனும் படைவீரனும் செய்வதைக் கொழுந்து பறித்துக் களைத்து வருபவர் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான், கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த மறுப்பின் பலம் தெரியும். பழைய 28 அங்குல ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5.4 மீற்றர் போகும். மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றத்தில் போகிறவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 தடவை மட்டுமே மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் உடம்பின் முழு எடையையும் கேட்கும், முழங்கால் நோகும். அதே வேகத்தில், முன்னே 28, பின்னே 28 பல் உள்ள கியர் சைக்கிளில் நிமிடத்துக்கு 64 மிதி. மூச்சு வாங்கும், ஆனால் கால் தாங்கும். கியர் வெறும் அலங்காரமில்லை. கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்கும், அங்கிருந்து ஹட்டனுக்கும் ஏறும் பெரிய வீதியில் தினமும் போய்வர ஒற்றைக் கியர் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு நிரூபிப்பது ஒன்றைத்தான்: சில ஏற்றங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். மலையகத்தில் ஒருவர் எப்படியும் நடந்துதான் போகிறார். 30 கிலோ விறகையோ அரிசி மூட்டையையோ தலையிலும் தோளிலும் சுமந்து நடப்பதற்கும், அதைக் கெரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. தள்ளுவதற்காகவாவது சைக்கிள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த இடத்தில் இறக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏறும்போது சைக்கிள் தோற்றால் மனிதன் களைப்பான். இறங்கும்போது தோற்றால் உயிர் போகும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடம். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முதலில் மோதும் சரிவு. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை விழுகிறது. ரயில் பாதையே மண்ணோடு நழுவிய வட்டவளை மண்சரிவு 1990களின் தொடக்கத்தில் பொறியியலாளர்களை நெடுநாள் வேலை வாங்கியது. இந்த மழையில் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் பிரேக் என்ன செய்திருக்கும்? அதன் ரிம் குரோம் பூசிய இரும்பு. கேபிள் கிடையாது, கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, ஒரு சின்ன ரப்பர் கட்டையை ரிம்மின் உள்பக்கத்தில் மேலே இழுத்து ஒட்ட வைக்கும். வெயிலில் அது போதும். ஈரமான குரோம்மேல் ரப்பர் வழுக்கும். நிற்கும் தூரம் பல மடங்காகும். யாழ்ப்பாணத்தில் இது ஒரு தொல்லை மட்டுமே. காலை ஊன்றி நின்றுவிடலாம். வட்டவளையில் ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம், கொண்டை ஊசி வளைவில் எதிரே கொழுந்து லொறி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் கைக்கு எட்டிய சைக்கிள், அந்த மழைக்கான பிரேக் இல்லாத சைக்கிள்தான். இயந்திரத்தின் பக்கமிருந்து ஒரு காரணம் சொல்வதென்றால் கியர் இல்லாமையைவிட இதை நான் பெரிதாகச் சொல்வேன்.

‘மவுண்டன்’ சைக்கிள் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். அவை பெரும்பாலும் ஒற்றைக் கியர் வண்டிகள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தின் நடு உருளையில் பிரேக் பிடிக்கும். 1976இல் அவர்கள் ஒரு பந்தயம் தொடங்கினார்கள்: ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றர் சரியும் மண்பாதை. ஒரு தடவை இறங்கியதும் உருளைக்குள்ளிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அவர்கள் முதலில் மோதிய தடை பிரேக். கைப்பிரேக் வந்தது, பிறகு லொறியில் ஏற்றாமல் மிதித்தே மலையேறக் கியர் வந்தது. ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே தனிச் சைக்கிள் சட்டகம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெலியும் டொம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு 1979இல் கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற மவுண்டன் சைக்கிள் கடைகளுக்கு வந்தது. 1990களின் நடுவில் ஷிமானோவின் நீண்ட கைப் பிரேக் வந்து, அலுமினிய ரிம்மை இரு பக்கமும் கிடுக்கிபோல் பிடித்தது. கியரைக் கழற்றி ஒற்றைக் கியராக்குகிறவர் ஒருவகையில் அந்தப் பழைய ஷ்வினுக்கே திரும்புகிறார். ஆனால் பிரேக்கையும் அகல டயரையும் கையோடு கொண்டு திரும்புகிறார்.

சரி, இயந்திரத்தின் குறை இவ்வளவு. மலையகத்தின் விஷயத்தில் இது முடிவான காரணமா என்றால், இல்லை. குறையுள்ள பொருளையும் மனிதர்கள் வாங்கித் தங்களுக்கேற்பத் திருத்திக்கொள்வார்கள்; திருத்துவதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நடமாட்டமே நெடுங்காலம் இன்னொருவரின் அனுமதியில் தொங்கியது. கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் தோட்டத்து எல்லைக்குள் வெளியார் வருவது அத்துமீறல். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையக வரலாற்றில் பதிவான செய்தி. நாடெங்கும் தபால்காரர் வீட்டு வாசலில் வந்து மணியடித்த காலத்திலும், லயத்துக்குக் கடிதம் தோட்டத்து அலுவலகம் வழியாகத்தான் வந்தது; லயத்து வீட்டுக்கென்று விலாசம் இருக்கவில்லை. 1948இல் குடியுரிமையும் போனது. யாருடைய மண்ணில் நிற்கிறோம் என்பது நிச்சயமில்லாதவர்கள், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த நாட்டுக்கு அனுப்பப்படுவோம் என்பதும் நிச்சயமில்லாதவர்கள், சைக்கிள் வாங்குவதை எந்தப் பட்டியலில் எத்தனையாவதாக வைத்திருப்பார்கள்?

பாதையின் சொந்தம் என்பது வெறும் சட்ட நுணுக்கமல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் உள்ளூராட்சி சபைகள் தோட்டப் பகுதிக்குள் பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. தொழிலாளர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்கள் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாத நிலை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை தோட்டப் பாதை கம்பெனியின் தேவைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது: லொறி போனால் போதும். குண்டும் குழியும், மழைத் தண்ணீர் அரித்த சால்களும், நழுவிக் கிடக்கும் கற்களும் உள்ள பாதையில் ஒல்லி டயர் ரோட்ஸ்டர் ஒரு வாரம் தாங்காது. யாழ்ப்பாணத்தையும் வட்டவளையையும் ஒப்பிடும்போது தட்டையும் மேடும் என்று மட்டும் பார்க்கிறோம். ஒன்று பொதுவீதி, மற்றது தனியார் பாதை என்பதைப் பார்ப்பதில்லை.

லயத்தையும் சொல்ல வேண்டும். பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதற்குள் ஒரு குடும்பம், சில வீடுகளில் இரண்டு. 6 அடி நீளச் சைக்கிளை இரவில் மழைபடாமல் எங்கே வைப்பது? ஓயாத மழையில் வெளியே விட்ட சைக்கிள் ஒரு பருவத்தில் துருப்பிடித்துவிடும். கூலியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2021இல், நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு. அடுத்த ஆண்டு சைக்கிள் விலை ஏறியபோது ஒரு புதிய வண்டி பல வாரக் கூலியை விழுங்கியது. இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரப்பர் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைக்கு வந்தன. பின்னாளில் வட்டவளை மலைக்குக் கீழே களனிப் பள்ளத்தாக்கில் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அங்கே பால் வெட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். உலகத்துச் சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்த கைகளுக்குச் சொந்தமாக ஒரு டயர் வாய்க்கவில்லை.

பாதையின் சொந்தமே பெரிய காரணம் என்பதற்கு இன்னொரு மறுப்பு உண்டு. நான் கேட்டவற்றில் வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன். தோட்டக் கட்டுப்பாடே இல்லாத மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களிலும் சைக்கிள் வடக்கைப்போலப் பெருகவில்லையே, அப்படியென்றால் மலைதானே காரணம்? ஏற்றமும் மழையும் வழுக்கும் பிரேக்கும் இருவருக்கும் பொது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கிராமத்தவருக்குச் சொந்த முற்றம் இருந்தது, வாசலுக்குப் பொதுப்பாதை வந்தது, வயலை ஒட்டி ஆற்றோரமாகச் சமதரையும் கொஞ்சம் இருந்தது; கம்பளையிலிருந்து நாவலப்பிட்டிவரை மகாவலிக் கரையில் போகும் வீதியைப் பார்த்தாலே தெரியும். சைக்கிள் தனக்கு ஆகாது என்று அவர் யோசித்து விட்டிருக்கலாம். தோட்டத்தவருக்கு அந்த யோசனைக்கே இடம் கிடைக்கவில்லை. விளைவு ஒன்றுபோலத் தெரிவதால் காரணமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையகத்துக்கு வந்த குடும்பங்களில் கணிசமானவை திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்தவை. அதே புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அப்படிச் சைக்கிளுக்கு வந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார், அவர்களில் கல் குவாரித் தொழிலாளிகளும் உண்டு. புதுக்கோட்டை சமதரை, அது உண்மை. ஆனால் அந்தச் சமதரை 1991க்கு முன்பும் சமதரையாகத்தான் இருந்தது. பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது நிலமல்ல. தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்காக அப்படியொரு முயற்சியை அரசோ கம்பெனியோ சங்கமோ செய்ததாகத் தெரியவில்லை.

பிறகு மலைக்கேற்ற சைக்கிள் இலங்கைக்கு வந்தது. இங்கேயே செய்யவும் பட்டது. பாணந்துறையின் லுமாலா எல்லோருக்கும் தெரிந்த பெயர். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சைக்கிள்களின் அளவு, ஐரோப்பிய ஒன்றியம் சீனச் சைக்கிள்மேல் விதித்திருந்த மேல்வரியை 2013இல் இலங்கை வழியாக வருபவற்றுக்கும் நீட்டிக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. இருந்தும் அந்த அகல டயர் கியர் சைக்கிள் அதிகம் ஓடியது கொழும்பிலும் கரையோர ஊர்களிலும். மலைக்கு அது எட்டிய காலத்தில் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் முந்திவிட்டன. தட்டை நிலத்தில் அந்த வண்டியின் 18 கியரில் ஓட்டுபவர் இரண்டையோ மூன்றையோதான் தொடுவார். மற்றவை சும்மா கிடந்து துருப்பிடிக்கும். அங்கே கியரைக் கழற்றுவது வீண்பாரத்தைக் குறைப்பது.

கடையில் அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலிவான கியர் சைக்கிள்களில் பின்னே உள்ள ஆறு பல்சக்கரமும் ஒரே கட்டாக உருளையில் திருகப்பட்டிருக்கும். தகுந்த சாவியை வைத்து அதைக் கழற்றி, ரோட்ஸ்டருக்குப் போடும் 18 அல்லது 20 பல் ஒற்றை ஃப்ரீவீலை அதே புரியில் ஏற்றலாம். ஆனால் அது ஒல்லி. உள்ளே தள்ளிப் போய் உட்காரும், செயின் கோணலாக ஓடும். அச்சின் வலப்பக்கத்து வளையங்களில் ஒன்றிரண்டை இடப்பக்கம் மாற்றி, கம்பிகளை இழுத்தும் தளர்த்தியும் ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். செயினின் நேர்கோடு கிடைப்பது இதில்தான். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். முன்னே மூன்றில் நடுச் செயின் வீலை வைத்துக்கொண்டு, கியர் மாற்றிகளையும் அவற்றின் கேபிள்களையும் எடுத்துவிட்டு, அந்த ஃப்ரீவீலின் பல்லுக்குப் பொருந்தும் செயினை அளவாக வெட்டிப் போட வேண்டும். பழைய இரும்புச் சட்டகத்தில் பின் அச்சு உட்காரும் வெட்டு சாய்வாக இருந்தால் சக்கரத்தைப் பின்னே இழுத்தே செயினை இறுக்கலாம். பிந்திய சட்டகங்களில் அது நேர் கீழாக இருக்கும், அப்போது செயினை அழுத்திப் பிடிக்க ஒரு சிறு உருளை வேண்டும்.

முன்னே 38, பின்னே 20 பல் என்று வைத்தால் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 3.9 மீற்றர். ரோட்ஸ்டரைவிடக் கால்வாசிக்கும் மேல் இலகு. வட்டவளையிலிருந்து தினமும் ஹட்டனுக்கு ஏறிப் போகிறவர் கியரைக் கழற்ற வேண்டாம். பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது. மலையின் இடுப்பைச் சுற்றும் வண்டிப்பாதையில் லயத்திலிருந்து பாடசாலைக்கோ கடைக்கோ போய்வருகிறவருக்கு இந்த 38க்கு 20 போதும். சேறும் மழையும் உள்ள இடத்தில் ஒரே செயின், ஒரே பல் என்பது எண்ணெய் விட்டுத் துடைக்கச் சுலபம், கெட்டால் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். தொடக்கூடாதது இரண்டு பிரேக்கும் அலுமினிய ரிம்மும் அகல டயரும். நகரத்து அழகுக்காக முன் பிரேக்கைக் கழற்றிவிடும் மோகம் மலைக்கு வரவே கூடாது. மே மாதம் பருவமழை இறங்குமுன் பிரேக் ரப்பரை மாற்றிவிட வேண்டும். பாதை மட்டும் சைக்கிள் கடையில் திருத்த முடியாதது. 2018க்குப் பிறகு வட்டவளைக்குரிய அம்பகமுவப் பிரதேச சபைக்குத் தோட்டப் பாதையில் செலவிடச் சட்டத்தில் தடையில்லை. லயத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் எந்த வளைவில் எந்தக் குழியை மூட வேண்டும் என்று எழுதிக் கேட்கிற உரிமை இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு இருக்கிறது.